தட்டில் என்ன இருக்கிறது? – 14: கீரைக்குக் கைகொடுக்கும் மாட்டுக்கறி

கீரையில் இருக்கும் இரும்புச்சத்தில் பத்தில் ஒரு பங்கு உடம்பில் சேர்ந்தாலே பெரிது என்று சென்ற வாரம் பார்த்தோம். மாட்டுக்கறியின் இரும்பு அவ்வளவு பிகு செய்யாது. கறிக்குச் சிவப்பு நிறம் தருகிற ‘ஹீம்’ என்ற பொருளுக்குள்தான் அதில் பெரும்பகுதி இருக்கிறது. ஹீமைக் குடல் அப்படியே உள்ளே வாங்கிக்கொள்ளும். கால் பங்கு வரைக்கும் ரத்தத்துக்குப் போய்ச் சேரும்.

இன்னொரு வேலையையும் கறி செய்கிறது. கூடவே சாப்பிடும் கீரை, பருப்பு, சோறு இவற்றிலுள்ள இரும்பையும் உடம்பு கூடுதலாக எடுத்துக்கொள்ள உதவுகிறது. கோழிக்கும் மீனுக்கும் இந்தக் குணம் உண்டு; பாலுக்கும் முட்டைக்கும் கிடையாது. ஆகவே தனியாக அரைக் கிலோ சுக்காவை ஒரே மூச்சில் தின்பதைவிட, சோறும் முருங்கைக்கீரைப் பொரியலும் பரிமாறி ஓரத்தில் நாலைந்து துண்டு வைத்துக்கொள்வதே கெட்டிக்காரத்தனம் என்பேன். எலுமிச்சை பிழிந்தால் இன்னும் நல்லது.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை. மாட்டுக்கறியை யார் சாப்பிடலாம், யார் கூடாது என்று இங்கே நடக்கும் சண்டையில் இந்தக் கணக்கை எடுத்துப் பேசியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆட்டுக்கறி வாங்கக் கட்டுப்படியாகாத வீடுகளுக்கு இரும்பும் துத்தநாகமும் தருகிற மலிவான கறி இதுதான்.

கொழுப்பு நீக்கிச் சமைத்த 100 கிராமில் ஏறக்குறைய 26 கிராம் புரதம், இரண்டரை மில்லிகிராம் இரும்பு. ஒரு நாளைக்குத் தேவையான பி12 கிட்டத்தட்ட முழுதும் கிடைத்துவிடும். நார்ச்சத்து துளியும் இல்லை, வைட்டமின் சி இல்லை, கால்சியமும் சொற்பம். காய்கறியின் இடத்தை இதற்குக் கொடுக்க முடியாது.

அளவுதான் முக்கியம். 2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, சாசேஜ், ஹாம் போன்ற பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பட்டியலில் சேர்த்தது. மாடு, ஆடு, பன்றி உள்ளிட்ட சிவப்பு இறைச்சியை ‘உண்டாக்கக்கூடும்’ என்ற அடுத்த படியில் வைத்தது. சமைத்த எடையில் வாரத்துக்கு 350 முதல் 500 கிராமுக்குள் நிறுத்திக்கொள்ளச் சொல்கிறது உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம். வாரம் இரண்டு மூன்று வேளை என்று வைத்துக்கொள்ளலாம். தள்ளுவண்டியில் திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் பொரிக்கும் சில்லி பீஃப் இந்தக் கணக்கில் வராது. அங்கே வில்லன் எண்ணெய்.

ஈரலில் இரும்பும் பி12-ம் கறியைவிட மிக அதிகம். ஆனால் வைட்டமின் ஏ-யும் அளவு மீறி இருப்பதால் கர்ப்பிணிகள் ஈரலைத் தவிர்க்க வேண்டும். நன்றாக வெந்த கறியே அவர்களுக்குப் போதும். யூரிக் அமிலத் தொல்லை இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஈரல் பக்கம் போகவேண்டாம்.