தண்ணீரைக் குறைக்காதீர்கள், சகோதரிகளே!

சில விஷயங்களை பக்கத்து வீட்டு அக்காவிடம்கூடச் சொல்ல நாக்கு கூசும். படுக்கையில் இருக்கும் கணவருக்கு சிறுநீர் அடங்காமல் போவது அதில் ஒன்று. என்னைப் போல் வாய் திறக்காமல் சமாளிப்பவர்களுக்கு உதவுமே என்று எழுதுகிறேன்.

என் கணவருக்கு பக்கவாதம் வந்து வலது கை, கால் விழுந்து இரண்டு வருடம் ஆகிறது. "வருது" என்று சொல்வதற்குள் வேட்டி நனைந்துவிடும். அவமானம் தாங்காமல், எனக்குத் தெரியாமல் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டார். ஒருநாள் குளிர் ஜுரம், பிதற்றல். "சிறுநீரில் கிருமி. தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர்த்தியாகி பையை உறுத்தும், அவசரம் இன்னும் கூடும்" என்றார் டாக்டர். பிழைத்து வந்ததே பெரிது.

அதிலிருந்து நாங்கள் கடைப்பிடிப்பது:

* பகலில் 2 மணிக்கு ஒரு தரம், வந்தாலும் வராவிட்டாலும் பிளாஸ்டிக் பாட்டிலை வைத்துவிடுவேன். கேட்கும்வரை காத்திருப்பதில்லை. ஒரு மாதத்தில் பகல் நேர நனைச்சல் பாதியாகக் குறைந்தது.

* தண்ணீர், மோர் எல்லாம் பகலிலேயே. படுக்கப் போவதற்கு 2 மணி நேரம் முன்பு நிறுத்திவிடுவேன். சாயங்காலக் காபி கிடையாது. (இருதயம், கிட்னி நோய் உள்ளவர்களுக்கு டாக்டர் சொன்ன அளவுதான்.)

* மலச்சிக்கல் இருந்தால் சிறுநீர்ப்பை அழுந்தும். தினமும் கீரை, பழம் உண்டு.

* மெத்தைமேல் ரப்பர் ஷீட், அதன்மேல் நாலாக மடித்த பழைய பருத்தி வேட்டி. ரப்பர் உடம்பில் படவே கூடாது. இரவில் மட்டும் டயாபர். நனைந்தால் உடனே தண்ணீரால் கழுவி, தேய்க்காமல் ஒற்றி எடுத்து, வாசலின் தடவுகிறேன். இதுவரை புண் இல்லை.

"டியூப் போட்டு விட்டுடேன், நிம்மதி" என்றார் உறவுக்காரப் பெண்மணி. டியூப் நாள்கணக்கில் இருந்தால் கிருமி சேரும், அவசியமானால்தான் போட வேண்டும் என்று டாக்டர் மறுத்துவிட்டார். சிறுநீர் சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டே இருந்தாலும், ரத்தம், எரிச்சல், காய்ச்சல் இருந்தாலும் "வயசாச்சு, அப்படித்தான்" என்று விடாதீர்கள். புராஸ்டேட் வீக்கமாகவோ சர்க்கரையாகவோ இருக்கலாம்.

இன்னொன்று. பேரப்பிள்ளைகள் எதிரில் "மறுபடியும் நனைச்சுட்டீங்களா?" என்று கேட்காதீர்கள். கதவைச் சாத்திவிட்டு, சாதாரணமாகப் பேசிக்கொண்டே துணி மாற்றுங்கள். கூசிப்போனவர் மறுபடி தண்ணீர்ச் செம்பைத் தொட மாட்டார்.

எல்லாவற்றையும் நாமே இழுத்துப் போட்டுக்கொள்ளவும் வேண்டாம். எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதும் இரவு முறையை மகனிடம் கொடுத்துவிட்டேன். "ஆம்பளைப் பிள்ளையைப் போய் இதைச் செய்யச் சொல்றியே" என்றார்கள். அவன் அப்பாவுக்கு அவன் செய்யாமல் யார் செய்வது?

வேறு நல்ல வழி தெரிந்த சகோதரிகள் எழுதுங்களேன்.

— ஒரு வாசகி, கும்பகோணம்.