பாம்புக்கடி: அந்த 20 நிமிடம் எதற்கு?

டெல்டாவில் சம்பா அறுவடையின்போது பாம்பு கடித்தவரை அரசு மருத்துவமனையில் சேர்த்ததும், ‘ரத்தம் எடுத்தாங்க, ஊசி போடலையே’ என்று உறவினர்கள் பதறுவார்கள். அந்தக் காத்திருப்பே ஒரு பரிசோதனைதான்.

சுமார் 2 மில்லி ரத்தத்தை உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, பிறகு சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஓடினால், கண்ணாடி விரியன் போன்ற பாம்பின் நஞ்சு ஏறியிருக்கிறது. விஷமுறிவு மருந்து ஏற்றுவார்கள். உறைந்தாலும் வீட்டுக்குக் கிளம்பக் கூடாது. நஞ்சு தாமதமாகவும் ஏறலாம். பரிசோதனை மீண்டும் நடக்கும்.

நல்ல பாம்பு, கட்டுவிரியன் நஞ்சு நரம்பைத் தாக்கும். அது இந்தப் பரிசோதனையில் தெரியாது. இமை சொருகினாலோ, பேச்சு குழறினாலோ, மூச்சு திணறினாலோ உடனே செவிலியரிடம் சொல்லுங்கள்.

கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள். கடிபட்ட காலை அசைக்காமல் 108-ஐ அழையுங்கள். அரசு மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து இலவசம்.