இத்தாலியில் படித்த கதை – 9: ஊரறிய ஒரு தேர்வு

பதுவை என்றதும் நம்மில் பலருக்கு அந்தோணியார்தான் நினைவுக்கு வருவார். உவரியிலும் புளியம்பட்டியிலும் செவ்வாய்க்கிழமை தவறாமல் கும்பிடுகிறார்களே, அவருடைய கல்லறை இருக்கும் ஊர். இத்தாலிக்காரர்கள் வாயில் அது பாதொவா. ஊருக்கு இன்னொரு பெருமை, 1222-இல் தொடங்கிய பல்கலைக்கழகம். பொலோனியாவின் கெடுபிடி பிடிக்காமல் கிளம்பி வந்த ஆசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்து உண்டாக்கியது. கலிலியோ 1592 முதல் 1610 வரை இங்கேதான் பாடம் சொன்னார்.

பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடத்துக்குப் பெயர் பலாத்ஸோ போ. பட்டம் வாங்கும் காலத்தில் அதைச் சுற்றியுள்ள தெருக்களில் நடந்துபாருங்கள். தலையில் இலைக் கிரீடம், உடம்பில் கண்றாவியான ஏதோ ஒரு வேஷம், கையில் மதுக்கோப்பை. இப்படி ஒருவர் சுவரில் ஒட்டிய பெரிய சுவரொட்டி முன்னால் நின்று சத்தமாக வாசித்துக்கொண்டிருப்பார். சற்று முன்புதான் பேராசிரியர் குழுவின் முன் ஆய்வேட்டைப் பற்றிப் பேசிப் பட்டம் வாங்கியவர் அவர்.

அந்தச் சுவரொட்டிக்குப் பப்பீரோ என்று பெயர். நண்பர்கள் கூடி எழுதுவது. பட்டதாரியின் கேலிச்சித்திரம் ஒன்று, அதன் கீழே அவருடைய வாழ்க்கை வரலாறு முழுவதும் எதுகையோடு. காதல் தோல்வி, குடித்துவிட்டு விழுந்தது, எந்தப் பாடத்தில் எத்தனை தடவை மண்ணைக் கவ்வினார் என்பது, எல்லாம் அதில் வரும். பெரும்பகுதி பச்சையாகவே இருக்கும். வாசிக்கும்போது நாக்குத் தடுமாறினால் ஒரு வாய் குடிக்க வேண்டும். முட்டையையும் மாவையும் மேலே கொட்டும் வழக்கமும் உண்டு. தெரு நாறுகிறது என்று நகராட்சி கோபித்துக்கொண்டாலும் முழுதாக ஒழிந்தபாடில்லை. நடுவில் 'தொத்தோரே, தொத்தோரே' என்று கூட்டம் பாட ஆரம்பிக்கும். அதற்கு அடுத்த வரிகளைக் குடும்பப் பத்திரிகையில் அச்சிட முடியாது.

எனக்கு வியப்பு இதிலெல்லாம் இல்லை. அப்பா, அம்மா, பாட்டி, தாத்தா எல்லோரும் நல்ல உடை உடுத்திக்கொண்டு பக்கத்திலேயே நின்று சிரிக்கிறார்கள்! பேத்தியின் வண்டவாளம் சுவரில் ஏறியிருக்கிறது, பாட்டி அதைச் செல்பேசியில் படம் எடுக்கிறார். பிறகு வந்தவர்களுக்கெல்லாம் சிவப்புச் சர்க்கரை பூசிய பாதாம் பருப்பு கொடுக்கிறார்கள். கல்யாணத்துக்கு வெள்ளை, பட்டத்துக்குச் சிவப்பு. நம் வீட்டில் பட்டம் வாங்கினால் கறுப்பு அங்கியோடு ஒரு படம் எடுத்துக் கூடத்தில் மாட்டுவோம். அந்தப் படத்தில் யாரும் சிரிக்கக்கூட மாட்டோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மூன்று வருடப் படிப்பு முடித்தாலே அங்கே 'தொத்தோரே', பெண் என்றால் 'தொத்தோரெஸ்ஸா'. அதாவது டாக்டர். நம்மூர் பி.எஸ்ஸி.க்காரர்களை எல்லாம் இத்தாலிக்கு அனுப்பினால் ஒரே நாளில் ஊர் நிறைய டாக்டர்கள்.

இந்தப் பகிரங்கம் பட்டம் வாங்கும் நாளில் மட்டும் வருவதில்லை. முதல் பருவத் தேர்விலேயே ஆரம்பித்துவிடுகிறது. பெரும்பாலான பாடங்களில் தேர்வு என்பது பேராசிரியர் எதிரே உட்கார்ந்து பேசுவதுதான். கணிதம், பொறியியல் போன்றவற்றில் எழுத்துத் தேர்வு இருந்தாலும் அதைத் தாண்டி வாய்மொழியும் இருப்பதுண்டு. பெயர்ப் பட்டியல் வரிசைப்படி கூப்பிடுகிறார்கள். அறைக் கதவு திறந்தே கிடக்கிறது. விதிப்படி தேர்வு பொதுவானது, யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து உட்காரலாம். பின் பெஞ்சில் அடுத்த தேதிக்குப் பதிவு செய்தவர்கள் நோட்டும் கையுமாக உட்கார்ந்து, என்னென்ன கேட்கிறார் என்று எழுதிக்கொண்டிருப்பார்கள். பேராசிரியருக்கும் அது தெரியும், அவர் கண்டுகொள்வதில்லை.

'உங்களுக்குப் பிடித்த தலைப்பில் ஆரம்பியுங்கள்' என்பது பலர் கேட்கும் முதல் கேள்வி. 'உங்களுக்கு' என்றுதான் சொல்கிறார். பல்கலைக்கழகத்தில் மாணவர் ஆசிரியரை அழைக்கும் அதே மரியாதையில்தான் ஆசிரியரும் மாணவரை அழைப்பது வழக்கம். பிறகு கேள்வி மேல் கேள்வி. முடிந்ததும் அங்கேயே, எல்லோர் காதிலும் விழும்படி மதிப்பெண். 30-க்கு 18 வாங்கினால் தேர்ச்சி. 30 வாங்கி அதற்கு மேலும் அசத்தினால் 'லோதே' என்று ஒரு பாராட்டு சேரும்.

நான் வாயடைத்துப்போனது அடுத்து நடப்பதைப் பார்த்துத்தான். "23 தரலாம். ஏற்றுக்கொள்கிறீர்களா?" என்று பேராசிரியர் கேட்கிறார். மாணவி ஒரு கணம் யோசிக்கிறாள். "வேண்டாம், நன்றி. அடுத்த முறை வருகிறேன்" என்கிறாள். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிடுகிறார். சண்டை இல்லை, கெஞ்சல் இல்லை. தேர்ச்சி பெற்ற ஒருத்தி தேர்ச்சியே வேண்டாம் என்று எழுந்துபோகிறாள்!

இதற்குக் கணக்கு இருக்கிறது. பட்டம் 110 மதிப்பெண்ணுக்கு. எல்லாப் பாடங்களின் சராசரியை 110-க்கு மாற்றி, ஆய்வேட்டுக்குக் கொஞ்சம் கூட்டுவார்கள். சராசரி 27 என்றால் கையில் 99. ஒரு 23 உள்ளே வந்தால் சராசரி இறங்கிவிடும். அதனால் வேண்டாம் என்கிறார்கள். ஒரே தடவைதான் மறுக்கலாம் என்று கறார் காட்டும் ஆசிரியர்களும் உண்டு. குளிர்காலம், கோடை, செப்டம்பர் என்று வருடத்துக்குப் பல தேதிகள் கிடைக்கின்றன. தோற்றாலும் அது சராசரிக்குள் வராது. 'அரியர்' என்று நம் பிள்ளைகள் வீட்டில் சொல்லப் பயந்து ஒளிக்கிற அந்தச் சங்கதிக்கு அங்கே ஈடாக எதுவும் இல்லை. மூன்று வருடப் படிப்பை ஐந்து வருடம் இழுப்பவர்களுக்கு 'ஃபுவோரி கோர்ஸோ' என்று ஒரு பெயர் இருக்கிறது. வீட்டில் திட்டுவார்கள், ஆனால் சொந்தபந்தத்திடம் மறைப்பதில்லை.

அவர்களுக்கு இது பள்ளியிலிருந்தே பழக்கம். ஆசிரியர் ஒரு பிள்ளையை எழுப்பி வகுப்பு முழுவதும் கேட்கக் கேள்வி கேட்டுப் பத்துக்கு மதிப்பெண் போடுகிறார், ஆறு வாங்கினால் பாஸ். பள்ளி இறுதித் தேர்வான 'மத்துரிதா'விலும் ஒரு குழுவின் முன் உட்கார்ந்து பேச வேண்டும். தெரியாததைக்கூட முழு வாக்கியத்தில், கையை ஆட்டி, நிமிர்ந்து சொல்வார்கள். பக்கம் பக்கமாக எழுதிப் பழகிய நம் பிள்ளைகள், பாடம் தெரிந்தும், இரண்டு வரியோடு நின்றுவிடுகிறார்கள்.

வாய்மொழித் தேர்வைக் கொண்டாட எனக்கு மனமில்லை. நன்றாகப் பேசுகிறவனுக்கு அது சலுகை. பேராசிரியருக்குத் தலைவலி என்றால் பட்டியலில் கடைசியில் இருப்பவர் பாடு திண்டாட்டம். மறுமதிப்பீட்டுக்கு விடைத்தாளும் கிடையாது. நம்மூரில் விடைத்தாளின் பெயரை மறைத்து டம்மி எண் போடுகிறோம். எழுதியவர் எந்த ஊர், எந்தச் சாதி, யார் பிள்ளை என்று திருத்துகிறவருக்குத் தெரியாது. அது சின்ன விஷயமில்லை, அதை விட்டுவிடக் கூடாது.

ஆனால் பெயர் மறையாத இடங்கள் நம்மிடமும் இருக்கின்றன. செய்முறைத் தேர்வு, வைவா, அகமதிப்பீடு எல்லாம் முகத்தைப் பார்த்துப் போடும் மதிப்பெண்கள்தான். இத்தாலியின் வாய்மொழித் தேர்வில் மாணவருக்குக் கொஞ்சமாவது காவலாக இருப்பவை இரண்டு: திறந்த கதவு, மறுக்கும் உரிமை. நாமோ கதவைச் சாத்திக்கொண்டு மதிப்பெண் போடுகிறோம், என்ன போட்டார்கள் என்பது பிறகுதான் தெரிகிறது.

பலாத்ஸோ போவில் 1595-இல் கட்டிய உடற்கூறு அரங்கு இன்றும் இருக்கிறது. நடுவில் பிணத்தை வைத்து அறுக்க ஒரு குழி, சுற்றிலும் மாணவர்கள் நின்று பார்க்க மரத்தாலான ஆறு அடுக்குகள். ஆசிரியர் என்ன செய்கிறார் என்பதை மேல் அடுக்கில் நிற்பவனும் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் அப்படிக் கட்டினார்கள்.

பொது வாய்மொழித் தேர்வு நமக்குப் புதிதல்ல. முனைவர் பட்டத்துக்கு அறிவிப்பு ஒட்டி, யாரும் வரலாம் என்று அழைத்துத்தான் நடத்துகிறோம். இளநிலை மாணவருக்கும் அதைத் தருவதில் பல்கலைக்கழகங்களுக்கு என்ன தயக்கம்? வைவா நடக்கும் அறைக் கதவைத் திறந்து வையுங்கள். மதிப்பெண்ணை மாணவர் எழுந்து போவதற்கு முன்பே அவரிடம் சொல்லுங்கள். இதற்குப் பணம் செலவாகாது.

(தொடரும்)