கென்யிர் ஏரிக்குக் குடும்பத்தோடு போகிறீர்களா? விலையைக் கேட்கும் முன் இவற்றைக் கேளுங்கள்

குடும்பப் புலனக் குழுவில் யாராவது படகு இல்லத்தின் படம் ஒன்றைப் போட்டால், அடுத்த நிமிடமே வரும் கேள்வி இதுதான்: “ஆளுக்கு எவ்வளவு?”

இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் குடும்பத்திலும் அப்படித்தான் தொடங்கியது. மொத்தம் 22 பேர். மூத்தவர் 74 வயது அப்பாயி, இளையவள் 3 வயது அக்காள் மகள். ஒரு வாரம் விலை பேசினோம், தள்ளுபடி கேட்டோம், முன்பணம் கட்டினோம். படகுத்துறையில் பைகளை இறக்கிய பிறகுதான் தெரிந்தது, குழந்தைகளுக்கான உயிர்காப்பு அங்கிகளில் இரண்டு குறைவு என்று. “பரவாயில்லை, மெதுவாகத்தான் போவோம், மடியில் வைத்துக்கொள்ளுங்கள்” என்றார் படகோட்டி.

பெரியப்பா ஒத்துக்கொள்ளவில்லை. அங்கி வராமல் யாரும் ஏறக்கூடாது என்று படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். வேறொரு படகிலிருந்து அங்கிகள் வந்து சேர ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆனது. வெயிலில் காத்திருந்தவர்களில் சிலர் முணுமுணுத்தார்கள். எங்கள் 22 பேரில் நீந்தத் தெரிந்தவர்கள் நான்கே பேர் என்பதை அப்போதுதான் எண்ணிப் பார்த்தேன்.

அந்தப் பயணத்தில் அசம்பாவிதம் எதுவும் நடக்கவில்லை. நல்லபடியாகப் போய், நல்லபடியாகத் திரும்பினோம். ஆனால், அந்த ஒரு மணி நேரக் காத்திருப்பை வீட்டில் இருக்கும்போதே ஒரு தொலைபேசி அழைப்பில் தவிர்த்திருக்கலாம். அடுத்து கிளம்பும் குடும்பங்களுக்கு உதவட்டும் என்றே இந்தக் கட்டுரை.

நீருக்குள் மூழ்கிய காடு

திரெங்கானு மாநிலத்தின் உலு திரெங்கானு மாவட்டத்தில் இருக்கும் கென்யிர், இயற்கையாக உருவான ஏரி அல்ல. நீர்மின் உற்பத்திக்காகக் கென்யிர் ஆற்றின் குறுக்கே அணை கட்டியபோது, 1980-களின் நடுப்பகுதியில் உருவான நீர்த்தேக்கம் இது. நீர் ஏறியபோது மலைகளின் உச்சிகள் மட்டும் மூழ்காமல் வெளியே நின்றன. இன்று நாம் பார்க்கும் 300-க்கும் மேற்பட்ட தீவுகள் அவைதாம்.

பயணத்தைத் திட்டமிடுபவர் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. கடற்கரையில் கால் வைத்தால் ஆழம் மெல்ல மெல்லக் கூடும். இங்கே கரை என்பது மலைச்சரிவு. முழங்கால் அளவு நீரில் நிற்கும் பிள்ளை இரண்டு எட்டு வைத்தால் தரை தட்டாமல் போகலாம். ஏரியின் சராசரி ஆழமே 30 மீட்டருக்கு மேல். மூழ்கிய மரங்கள் பல இன்னும் நீருக்குள் நிற்கின்றன. நீர்மட்டம் தாழும் மாதங்களில் அடிமரங்கள் மேற்பரப்புக்கு அருகே வந்துவிடும். படகின் மேல்தளத்திலிருந்து தலைகீழாகக் குதிப்பது ஏன் ஆபத்து என்று இளைஞர்களுக்கு இதைச் சொல்லிப் புரிய வைக்கலாம்.

எப்போது போகலாம்?

நம் குடும்பங்கள் தடுமாறும் இடம் இது. அனைவரும் ஒன்றுகூட வசதியான நேரம் தீபாவளி விடுமுறையும் ஆண்டு இறுதியும்தான். ஆனால், கிழக்குக்கரை மாநிலங்களில் வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கி, பிப்ரவரி, மார்ச் வரை நீடிக்கலாம். நவம்பர் முதல் ஜனவரி வரை மழை மிகக் கடுமை. ஈப்போவிலோ கிள்ளானிலோ வெயில் அடிக்கிறது என்பதற்காகத் திரெங்கானுவிலும் அப்படித்தான் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. ஏரி மட்டுமல்ல, அங்கே போகும் சாலையும் வெள்ளத்தில் அடைபடலாம்.

மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை உள்ள காலம் குடும்பங்களுக்கு ஏற்றது. அதில் பள்ளி விடுமுறையாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். அந்த மாதங்களிலும் மாலையில் இடியுடன் மழை பெய்வது வழக்கம். எனவே ஏரியைக் கடக்கும் நீண்ட பயணங்களைக் காலையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். புறப்படுவதற்கு முந்தைய நாள் மெட்மலேசியாவின் முன்னறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று: திரெங்கானுவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். அரசு அலுவலகங்கள் ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும். வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தில் கடைகள் பலவும் மூடியிருக்கும், படகோட்டிகளும் பள்ளிவாசலுக்குப் போயிருப்பார்கள். வெள்ளியன்று போய்ச் சேர்வதானால் காலையிலேயே துறையில் இருங்கள், அல்லது மதியம் மூன்று மணிக்குப் படகு என்று பேசிக்கொள்ளுங்கள்.

எப்படிப் போவது?

ஏரியின் முக்கியப் படகுத்துறை பெங்காலான் காவி. அதற்கு முன் வரும் நகரம் கோலா பெராங். கோலாலம்பூரிலிருந்து காராக் வழியாகக் கிழக்குக்கரை நெடுஞ்சாலையில் ஏறி, ஆஜில் வெளிவழியில் இறங்கினால் கோலா பெராங் போய்விடலாம். ஓய்வு நேரத்தையும் சேர்த்து ஐந்து, ஆறு மணி நேரம் ஒதுக்குங்கள். மாவட்ட மருத்துவமனை கோலா பெராங்கில்தான் இருக்கிறது. எரிபொருள், பணம், மருந்து, குழந்தைக்கு வேண்டியவை எல்லாவற்றையும் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

பேராக்கிலிருந்தும் கேமரன் மலையிலிருந்தும் வருவோர் குவா மூசாங் வழியாகக் காட்டுச் சாலையில் வரலாம். அழகான பாதைதான். ஆனால், யானைகள் நடமாடும் பகுதி, கடைகள் குறைவு, தொலைபேசி அலை பல இடங்களில் கிடைக்காது. பகல் வெளிச்சத்தில் மட்டுமே அந்தப் பாதையில் வாருங்கள்.

யாரிடம் பதிவு செய்வது?

முகநூலில் அழகான படங்களைப் போட்டு, தனிநபர் வங்கிக் கணக்கில் முன்பணம் கட்டச் சொல்வோரிடம் கவனமாக இருங்கள். சுற்றுலாத் தொகுப்பு விற்கும் நிறுவனத்திற்குச் சுற்றுலா, கலை, கலாச்சார அமைச்சின் உரிமம் இருக்க வேண்டும். உரிம எண்ணைக் கேளுங்கள். பணம் அனுப்பும் முன் அந்தக் கணக்கு எண்ணைக் காவல்துறையின் ‘செமாக் மியூல்’ தளத்தில் தட்டிப் பாருங்கள். ஏமாந்துவிட்டதாகத் தெரிந்தால் உடனே 997-க்கு அழையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கைமாறிக்கொண்டே போகும்.

அதன் பிறகு படகுக்காரரிடம் இந்த ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்:

1. படகில் எத்தனை பேர் ஏற அனுமதி? குழந்தைகளையும் சேர்த்துத்தானே அந்த எண்ணிக்கை?

2. குழந்தைகள் அளவில் உயிர்காப்பு அங்கி எத்தனை உள்ளது? (ஒவ்வொரு பிள்ளையின் வயதையும் எடையையும் அனுப்பிவிடுங்கள்.)

3. பயணிகளுக்குக் காப்புறுதி உண்டா?

4. வானிலை மோசமானால் தேதியை மாற்றலாமா, பணம் திரும்புமா?

5. நடு ஏரியில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால், துறைக்குத் திரும்ப வேகப்படகு உடன் இருக்குமா?

பதில்களைப் பேச்சோடு விட்டுவிடாமல் புலனத்தில் எழுத்தாக வாங்கி வையுங்கள். நேர்மையாகத் தொழில் செய்பவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அங்கி சரியாக இருக்கிறதா?

குழந்தைக்கு அங்கியை மாட்டி, வார்களை இறுக்கிய பிறகு, இரண்டு தோள்பட்டைகளையும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். அங்கி மட்டும் காதுவரை ஏறினால் அது பெரிய அளவு. நீரில் விழுந்தால் அங்கி மிதக்கும், பிள்ளை நழுவிவிடும். சிறு குழந்தைகளுக்குக் கால்களுக்கு இடையே வரும் வார் உள்ள அங்கியே நல்லது. கையில் மாட்டும் காற்றுப்பைகளும் ரப்பர் வளையங்களும் விளையாட்டுப் பொருள்கள்தாம். அவை அங்கிக்கு ஈடாகாது.

பெரியவர்களும் அணிய வேண்டும். மாமா அணியாமல் உட்கார்ந்திருந்தால் பிள்ளைகளும் கழற்றிவிடுவார்கள். அங்கி அணிந்தவரும் தனியாக நீரில் இறங்க வேண்டாம். படகு இல்லத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை முறை வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். எல்லாரும் இருக்கிறோம் என்ற நினைப்பில்தான் ஒருவரும் பார்க்காமல் விடுகிறோம். இரவில் கழிவறைக்குப் போகும் பிள்ளையோடு பெரியவர் ஒருவர் எழுந்து போக வேண்டும்.

மதுவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். படகுக்காரர்கள் பலர் மதுவை அனுமதிப்பதில்லை. அனுமதித்தாலும், ‘தண்ணி’ போட்டவர் தண்ணீரில் இறங்கக் கூடாது என்பதைப் புறப்படும் முன்பே குடும்பத்தில் பேசி முடித்துவிடுங்கள்.

நீர்வீழ்ச்சியில் கவனம்

லாசிர், சாவோக் போன்ற நீர்வீழ்ச்சிகள், காலடியில் மீன்கள் திரளும் கெலா மீன் சரணாலயம், பழங்கால மனித எலும்புக்கூடு கண்டெடுக்கப்பட்ட பெவா குகை ஆகியவை கென்யிரில் பலரும் பார்க்க விரும்பும் இடங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்க முயல வேண்டாம். ஏரி பெரியது, படகு இல்லம் மெதுவாகத்தான் போகும். குகை தேசியப் பூங்கா எல்லைக்குள் இருப்பதால் அனுமதியும் கட்டணமும் தொகுப்பில் அடங்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நீர்வீழ்ச்சியில் அஞ்ச வேண்டியது மலாய்மொழியில் ‘கெப்பாலா ஆயர்’ எனப்படும் திடீர் நீர்ப்பெருக்கு. நீங்கள் குளிக்கும் இடத்தில் வெயில் அடிக்கும்போதே, மேலே மலையில் பெய்த மழை திரண்டு பாய்ந்து வரும். தெளிந்த நீர் திடீரெனக் கலங்குவது, இலையும் குச்சியும் மிதந்து வருவது, இரைச்சல் கூடுவது ஆகியவை அறிகுறிகள். உடனே பக்கவாட்டில் மேட்டுக்கு ஏறுங்கள். பை, காலணி, கைப்பேசி எதற்காகவும் திரும்பாதீர்கள்.

வீடு திரும்பி ஓரிரு வாரங்களில் காய்ச்சலும் உடல்வலியும் வந்தால், ஏரியிலும் நீர்வீழ்ச்சியிலும் குளித்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். எலிச் சிறுநீரால் பரவும் காய்ச்சலா என்று அவர் சோதித்துப் பார்க்க அது உதவும். காலில் ஆறாத புண் உள்ளவர்கள், குறிப்பாக நீரிழிவு நோயாளிகள், நீரில் இறங்காமல் இருப்பதே நல்லது.

மூத்தவர்களும் சாப்பாடும்

படகு இல்லத்தில் படிகள் செங்குத்தாக இருக்கும். பெரும்பாலும் தரையில் மெத்தை விரித்துத்தான் படுக்கை. முழங்கால் வலி உள்ளவர்களுக்குக் கீழ்த்தளத்தில், கழிவறைக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கச் சொல்லுங்கள். மின்சாரம் ஜெனரேட்டரில் வருவது. சில படகுகளில் நாள் முழுவதும் இருக்காது. இன்சுலின் ஊசி மருந்தைப் பனிப்பெட்டியில் வைப்பவர்கள் இதை முன்கூட்டியே கேட்க வேண்டும். மருந்து பனிக்கட்டியை நேராகத் தொட்டு உறைந்துவிடக் கூடாது. மாத்திரைகளை இரண்டு நாளுக்குக் கூடுதலாகவே எடுத்து வையுங்கள்.

சமைப்பவர் மாட்டிறைச்சி சேர்க்கக் கூடாது என்பதையும், சைவம் சாப்பிடுவோர் எத்தனை பேர் என்பதையும் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். மலாய்ச் சமையலில் ‘சைவ’க் காய்கறியிலும் நெத்திலியோ பெலாச்சானோ இருக்கலாம். அதையும் விளக்கிச் சொல்லுங்கள்.

ஏரிக்குள் போனதும் தொலைபேசி அலை பெரும்பாலும் கிடைக்காது. படகுக்காரரின் பெயர், எண், புறப்படும் துறை, திரும்பும் நேரம் ஆகியவற்றை ஊரில் இருக்கும் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். குறித்த நேரத்தில் உங்களிடமிருந்து அழைப்பு வரவில்லை என்றால் அவர் 999-க்கு அழைக்கலாம்.

இப்போது விலை

படகு இல்லம் பெரும்பாலும் முழுப் படகாக, 2 நாள் 1 இரவு அல்லது 3 நாள் 2 இரவு என்று வாடகைக்கு வரும். ஆள் கூடினால் பங்கு குறையும். ஓர் எடுத்துக்காட்டுக்கு, வாடகை 4,000 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். 20 பேருக்கு ஆளுக்கு 200 ரிங்கிட். கடைசி நேரத்தில் எட்டுப் பேர் கழன்றுகொண்டால், மீதி 12 பேர் ஆளுக்கு 333 ரிங்கிட் கட்ட வேண்டும். மனக்கசப்பு தொடங்குவது இங்கேதான். முன்பணத்தை எல்லாரிடமும் முதலிலேயே வாங்கிவிடுங்கள். சாப்பாடு, வேகப்படகு, நுழைவுக் கட்டணம், வழிகாட்டி ஆகியவை வாடகையில் அடங்குமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டுப் பிறகு இரண்டு, மூன்று விலைகளை ஒப்பிடுங்கள்.

பங்கு குறைய வேண்டும் என்பதற்காக அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஓர் ஆளைக்கூடச் சேர்க்காதீர்கள். எங்கள் குடும்பக் குழுவில் அடுத்த பயணத்துக்கான பேச்சு இப்போது மீண்டும் தொடங்கியிருக்கிறது. இந்த முறை முதல் கேள்வியைப் பெரியப்பாவே போட்டுவிட்டார்: “பிள்ளைகளுக்கு அங்கி எத்தனை இருக்கிறது?”