எஸ்எஸ்டி மாற்றிய பின் மடிக்கணினியை மீட்டெடுத்தல்

எஸ்எஸ்டி எனப்படும் திண்மநிலைச் சேமிப்பகம், இயங்குதளத்தையும் கோப்புகளையும் மின்னணுச் சில்லுகளில் சேமித்து வைக்கும் கருவி. மடிக்கணினியில் இது பழுதாகிப் புதியது பொருத்தப்பட்டால், கணினி தானாகப் பழைய நிலைக்குத் திரும்பாது. புதிய எஸ்எஸ்டி எழுதப்படாத நோட்டுப் புத்தகம் போன்றது. அதில் இயங்குதளத்தை மீண்டும் நிறுவும் முறை, இடையில் வரும் தடைகள், தொலைந்த கோப்புகளைத் தேடும் வழிகள் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

எஸ்எஸ்டி ஏன் திடீரென நின்றுவிடுகிறது?

பழைய வன்தட்டில் சுழலும் தகடும் அதன்மேல் நகரும் முனையும் உண்டு. அது பழுதாகும்முன் பெரும்பாலும் "டக் டக்" என ஒலி எழுப்பும், வேகம் குறையும். எஸ்எஸ்டியில் அசையும் பாகம் எதுவும் இல்லை. நேண்ட் வகை ஃப்ளாஷ் நினைவகச் சில்லுகளும் அவற்றை மேலாளும் கட்டுப்படுத்திச் சில்லும் மட்டுமே உள்ளன. இந்த நினைவகத்தை சப்பானின் தோசிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா 1980களில் உருவாக்கினார். கட்டுப்படுத்திச் சில்லு செயலிழந்தால், தகவல் சில்லுகளில் அப்படியே இருந்தாலும் அதை எடுத்துத் தர ஆள் இல்லை. பூட்டிய நூலகத்தின் சாவி தொலைந்தது போன்ற நிலை இது. ஆகவே நேற்று இரவு வரை நன்றாக இயங்கிய மடிக்கணினி, காலையில் "துவக்கக் கருவி இல்லை" என்று அறிவிப்பது உண்டு.

எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் சட்டென்று அறுபடுவதும் ஒரு காரணம். மின்கலம் நல்ல நிலையில் இருந்தால் மின்தடை மடிக்கணினியைப் பாதிக்காது. மின்கலம் செத்துப்போய், சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை மட்டுமே நம்பி ஓட்டப்படும் பழைய மடிக்கணினிகளில் ஒவ்வொரு மின்தடையும் ஓர் அடியே. 2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த கஜா புயலுக்குப் பின் புதுக்கோட்டை மாவட்டத்தின் பல கிராமங்கள் வாரக்கணக்கில் மின்சாரமின்றி இருந்தன. அத்தகைய பகுதிகளில் மின்கலத்தை மாற்றுவது வீண்செலவு அல்ல.

பொருத்தமான எஸ்எஸ்டியைத் தேர்ந்தெடுத்தல்

மடிக்கணினிகளில் மூன்று வகைகள் காணப்படுகின்றன.

1. இரண்டரை அங்குல சாட்டா வகை. வன்தட்டின் இடத்திலேயே பொருந்தும். நொடிக்கு ஏறத்தாழ 550 மெகாபைட் வரை படிக்கும்.
2. எம்.2 வடிவிலுள்ள சாட்டா வகை. சிறிய பட்டை போன்றது. வேகம் மேற்கண்டதே.
3. எம்.2 வடிவிலுள்ள என்விஎம்இ வகை. சாட்டாவைவிடப் பல மடங்கு வேகமானது.

இரண்டாம், மூன்றாம் வகைகள் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதால் தவறாக வாங்கிவிடுவோர் பலர். சாட்டாவை மட்டும் ஏற்கும் செருகியில் என்விஎம்இ பட்டை வேலை செய்யாது. நீளத்தையும் பார்க்க வேண்டும். 2280 என்றால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். 2242, 2230 என்பன குட்டையானவை. கழற்றிய பழைய பட்டையைக் கையில் எடுத்துச் சென்று கடையில் காட்டி வாங்குவதே எளிய வழி.

தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்கக் காலக் கணினிகளில் வன்தட்டே இருந்தது. அவற்றில் முதல் வகை எஸ்எஸ்டியைப் பொருத்தலாம்.

மீட்புப் பொத்தான் ஏன் வேலை செய்வதில்லை?

மடிக்கணினி வாங்கும்போது, அதை ஆலையிலிருந்து வந்த நிலைக்குக் கொண்டுவரும் வசதி பெரும்பாலும் தரப்படுகிறது. குறிப்பிட்ட ஒரு விசையை அழுத்தினால் மீட்புத் திரை வரும். புதிய எஸ்எஸ்டி பொருத்தியபின் அதே விசையை அழுத்தினால் எதுவும் நடக்காது. மீட்புக்கான கோப்புகள் பழைய எஸ்எஸ்டியின் ஒரு மறைவான பிரிவில்தான் இருந்தன. அது போனபோது அவையும் போய்விட்டன. எனவே வேறொரு கணினியில் துவக்கப் பென்டிரைவ் தயாரிக்க வேண்டும்.

விண்டோசு வேண்டுமெனில் குறைந்தது 8 ஜிபி கொள்ளளவுள்ள காலிப் பென்டிரைவில் மைக்ரோசாஃப்ட் இணையதளம் இலவசமாகத் தரும் நிறுவல் ஊடகக் கருவியைக் கொண்டு தயாரிக்கலாம். எச்பி, டெல், லெனோவா போன்ற நிறுவனங்கள் தத்தம் கணினிகளுக்கெனத் தனி மீட்புக் கருவிகளையும் தருகின்றன. பென்டிரைவில் ஏற்கெனவே உள்ளவை அழிந்துவிடும் என்பதை மறக்கக் கூடாது.

உரிமம் போய்விடுமா?

போகாது. விண்டோசு 8 காலம் முதல், உடன் நிறுவப்பட்டு வரும் விண்டோசின் உரிம எண் பெரும்பாலும் தாய்ப்பலகையிலேயே பதிக்கப்பட்டிருக்கும். அதே பதிப்பை நிறுவி இணையத்தில் இணைத்தால் உரிமம் தானாக உறுதியாகும். ஹோம் பதிப்பு இருந்த கணினியில் புரோ பதிப்பை நிறுவினால்தான் சிக்கல். ஆகவே, எஸ்எஸ்டி மாற்றியதற்காகப் புதிய உரிமம் வாங்க வேண்டும் என்று யாராவது சொன்னால், முதலில் அதே பதிப்பை நிறுவிப் பார்க்க வேண்டும்.

பொதுவான தடைகளும் தீர்வுகளும்

பயாஸ் திரையில் புதிய எஸ்எஸ்டியின் பெயரே தெரியவில்லை. மின்னிணைப்பை நீக்கி, மின்கலத்தின் இணைப்பையும் கழற்றிவிட்டுப் பட்டையை எடுத்து மீண்டும் செருக வேண்டும். எம்.2 பட்டையைச் சற்றுச் சாய்வாகச் செருகி, பின் கீழே அழுத்தித் திருகாணியால் பொருத்த வேண்டும். அப்படியும் தெரியாவிட்டால் வகை பொருந்துகிறதா எனச் சரிபார்க்க வேண்டும்.

பயாசில் தெரிகிறது, விண்டோசு நிறுவும் திரையில் தெரியவில்லை. இன்டெல் 11ஆம் தலைமுறை முதல் வந்த பல கணினிகளில் விஎம்டி என்னும் அமைப்பு இயங்குவதே இதற்குக் காரணம். கணினி நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து அதற்குரிய டிரைவர் மென்பொருளை இறக்கி, சுருக்கத்தைப் பிரித்துப் பென்டிரைவில் வைத்து, நிறுவும் திரையில் ஏற்ற வேண்டும். பயாசில் விஎம்டியை அணைப்பது இன்னொரு வழி. காலி எஸ்எஸ்டிக்கு இதனால் தீங்கில்லை. ஏற்கெனவே விண்டோசு இயங்கும் கணினியில் அணைத்தால் அது துவங்காமல் போகலாம்.

"இந்த வட்டில் நிறுவ இயலாது" என்ற செய்தி வருகிறது. வேறு கணினியில் பயன்படுத்திய எஸ்எஸ்டியைப் பொருத்தும்போது இது நேரும். பிரிவு அட்டவணை எம்பிஆர் என்ற பழைய முறையில் இருக்க, கணினி ஜிபிடி முறையை எதிர்பார்க்கிறது. பழைய கோப்புகள் தேவையில்லை என்று உறுதிசெய்தபின், அந்த எஸ்எஸ்டியிலுள்ள எல்லாப் பிரிவுகளையும் நீக்கி, ஒதுக்கப்படாத இடத்தைத் தேர்ந்தெடுத்துத் தொடர வேண்டும். வேறு வட்டும் இணைந்திருந்தால் கொள்ளளவைப் பார்த்துச் சரியானதைத்தான் தொட வேண்டும். ஐயமிருந்தால் மற்றதைக் கழற்றிவிடுவது நல்லது.

நிறுவல் திரும்பத் திரும்ப முதலிலிருந்தே தொடங்குகிறது. முதல் மறுதுவக்கத்தின்போது கணினி மீண்டும் பென்டிரைவிலிருந்தே துவங்குகிறது என்று பொருள். அந்நேரத்தில் பென்டிரைவைக் கழற்றிவிட வேண்டும்.

இணையம் கேட்கிறது, வைஃபை வேலை செய்யவில்லை. விண்டோசு 11 நிறுவும்போது இது அடிக்கடி நேரும். கைப்பேசியை யூஎஸ்பி கம்பியால் இணைத்து, அதிலுள்ள யூஎஸ்பி டெதரிங் வசதியை இயக்கினால் பெரும்பாலும் இணையம் கிடைத்துவிடும்.

முழுப் படிமத்தை மீட்க முடியவில்லை. விண்டோசின் கணினிப் படிமக் காப்பு எடுத்து வைத்திருந்தாலும், புதிய வட்டு பழையதைவிடச் சிறியதாக இருந்தால் அது ஏற்காது. 256 ஜிபிக்குப் பதில் 240 ஜிபி வாங்கியவர்கள் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள்.

லினக்சு ஒரு மாற்று வழி

விண்டோசு 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவடைந்தது. விண்டோசு 11இன் தகுதிகளை எட்டாத பழைய கணினிகளுக்கு லினக்சு பொருத்தமானது. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்சு, விலையில்லா மடிக்கணினிகள் வழியே தமிழக மாணவர்களுக்கு ஏற்கெனவே அறிமுகமானது. இரண்டு இயங்குதளங்களும் வேண்டுமெனில் விண்டோசை முதலிலும் லினக்சைப் பின்னரும் நிறுவ வேண்டும். வரிசை மாறினால் துவக்கப் பட்டியலில் லினக்சு காணாமல் போகும்.

தொலைந்த கோப்புகளைத் தேடுதல்

இயங்குதளத்தை எப்போது வேண்டுமானாலும் மீண்டும் நிறுவலாம். மாணவர் எழுதிய திட்ட அறிக்கைக்கு அந்த வசதி இல்லை. பழைய எஸ்எஸ்டியைத் தூக்கி எறியும் முன்பும், உத்தரவாதத்துக்காகத் திருப்பிக் கொடுக்கும் முன்பும் கீழ்க்கண்டவற்றைச் செய்து பார்க்க வேண்டும். திருப்பிக் கொடுத்த எஸ்எஸ்டி பொதுவாக மீண்டும் கைக்கு வராது.

பழையதை வெளிப்புற உறையில் பொருத்தி வேறு கணினியில் இணைத்துப் பார்க்கலாம். சில எஸ்எஸ்டிகள் ஆயுள் முடியும்போது எழுதுவதை மட்டும் நிறுத்தி, படிக்க அனுமதிக்கும். தெரிந்தால் உடனே தேவையானவற்றைப் படியெடுக்க வேண்டும். பழுதுநீக்கும் மென்பொருள்களை அதன்மேல் ஓட்டக் கூடாது.

அப்போது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கலாம். பல புதிய மடிக்கணினிகளில் உரிமையாளர் அறியாமலே பிட்லாக்கர் மறையாக்கம் இயங்கியிருக்கும். அந்தச் சாவி, கணினியை முதலில் அமைத்தபோது கொடுத்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். வாங்கிய அன்று விற்பனையாளரின் மின்னஞ்சலைக் கொண்டு அமைத்திருந்தால், சாவியும் அவரிடமே இருக்கும். எனவே, கணினியை எப்போதும் தம் சொந்தக் கணக்கில் அமைத்து, சாவியைத் தாளில் எழுதி வைப்பது மாணவர்களுக்கு நல்லது.

வட்டு முற்றிலும் ஊமையாகிவிட்டால் வேறு இடங்களில் தேட வேண்டும். ஒன்டிரைவ், கூகுள் டிரைவ், மின்னஞ்சலில் அனுப்பிய இணைப்புகள், வாட்சப்பில் நண்பருக்கோ வழிகாட்டிப் பேராசிரியருக்கோ அனுப்பிய படி, அச்செடுத்த கடையின் கணினி ஆகியவற்றில் ஒன்றில் முந்தைய வடிவமாவது கிடைக்கக் கூடும். எதிலும் இல்லையெனில் தரவு மீட்பு நிறுவனங்களை அணுகலாம். கட்டணம் மிகுதி, வெற்றி உறுதியில்லை.

தமிழ்க் கோப்புகளுக்கு ஒரு குறிப்பு

மீட்ட தமிழ்க் கோப்பைத் திறந்ததும் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து தெரிந்தால் கோப்பு கெட்டுவிட்டதாக எண்ண வேண்டாம். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவை அவை. எழுத்துரு பழைய எஸ்எஸ்டியோடு போய்விட்டது. அதை மீண்டும் நிறுவினால் தமிழ் தெரியும். தமிழ்நாடு அரசு 2010இல் ஏற்ற ஒருங்குறி முறையில் எழுதப்பட்ட கோப்புகளுக்கு இச்சிக்கல் இல்லை. பழைய வினாத்தாள்களையும் குறிப்புகளையும் வைத்திருக்கும் ஆசிரியர்கள் அவற்றை ஒருங்குறிக்கு மாற்றிவைப்பது பயன் தரும்.

இனி இழக்காதிருக்க

முக்கியமான கோப்புக்கு மூன்று படிகள் வேண்டும். அவை இரண்டு வகை ஊடகங்களில் இருக்க வேண்டும். ஒன்றாவது வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். மடிக்கணினியில் ஒன்று, வெளிப்புற வன்தட்டில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று என வைத்தால் போதும். எஸ்எஸ்டியையும் பென்டிரைவையும் மின்சாரம் இன்றிப் பல ஆண்டுகள் பெட்டியில் பூட்டி வைக்கக் கூடாது. அவற்றின் சில்லுகளிலுள்ள மின்னூட்டம் மெல்லக் கசியும். அவ்வப்போது கணினியில் இணைத்து, கோப்புகள் திறக்கின்றனவா எனப் பார்த்துக்கொள்ள வேண்டும். திறந்து பார்க்காத காப்பு, காப்பு ஆகாது.