தீயணைப்போர் கற்ற மருத்துவம்

வீடு தீப்பற்றினால் தீயணைப்பு நிலையத்தை அழைக்கிறோம். ஒருவருடைய இதயம் நின்றுவிட்டாலும் அந்நிலையத்தாரே ஓடிவரும் ஊர் ஒன்று உண்டு என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? அமெரிக்காவின் வடமேற்கு மூலையிலுள்ள சியாட்டில் நகரில் 1970 மார்ச் மாதம் தொடங்கிய ஏற்பாடு இது.

இதற்கு முன்னோடி பெல்பாஸ்ட் நகரம். அங்கே 1966-இல் பிராங்க் பான்ட்ரிட்ஜ் என்னும் மருத்துவர், இதயத் துடிப்பை மீட்கும் மின்கருவியை ஆம்புலன்ஸில் ஏற்றி, மருத்துவரையும் உடன் அனுப்பினார். நல்ல யோசனைதான், ஆனால் வண்டிதோறும் ஏற்றுவதற்கு அத்தனை மருத்துவர்களுக்கு எங்கே போவது? சியாட்டிலின் இதய மருத்துவர் லெனார்ட் காப், தீயணைப்புத் தலைவர் கோர்டன் விக்கரியுடன் கூடி இதற்கு வழி கண்டார். ஊரெங்கும் பரவிய நிலையங்களில் இரவும் பகலும் விழித்திருப்போர் தீயணைப்பு வீரர்களே. அவர்களுக்கே மருத்துவம் கற்பிப்பதென முடிவாயிற்று.

நீர்க்குழாய் பிடித்த கை ஊசி போடலாமா என்ற ஐயம் எழுவது இயல்பு. ஆனால் இதயம் நின்ற நாலைந்து நிமிஷங்களில் மூளை கெடத் தொடங்குகிறது. மருத்துவமனையை எட்டும்வரை அது காத்திராது.

பயிற்சி இருபடியானது. முதற்படியினர் ஈ.எம்.டி. எனப்படுவோர், தீயணைப்பு வண்டியிலேயே முதலில் வந்து சேர்பவர்கள். மார்பை நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழத்தில் அமுக்குவது இவர்களுடைய தலையாய பணி. ஒவ்வொரு முறையும் மார்பு முழுதும் மேலெழுவதற்கு விடவும் வேண்டும். பார்ப்பதற்கு எளிது; ஆயினும் இரண்டே நிமிஷத்தில் கை தளர்ந்து, அமுக்குபவர் அறியாமலே ஆழம் குறைந்துவிடும். ஆதலால் அதற்குள் ஆள் மாறுவதும் பாடத்தில் அடங்கும்.

அடுத்த படியினர் பாராமெடிக்குகள். இதய மின்வரைபடத்தைப் படித்தல், மருந்தை நாளத்தில் செலுத்துதல், மூச்சுக்குழாயில் குழல் பொருத்துதல் ஆகியவற்றை இவர்கள் ஹார்பர்வியூ மருத்துவமனையில் மருத்துவர்களின் அருகிருந்து, 2000 மணி நேரத்துக்கும் மேலாகக் கற்கின்றனர். இவற்றைச் செய்கையில் மார்பை அமுக்குவது நிற்கலாகாது என்பதே பெரிய சிரமம். நின்றால் சில விநாடிகளில் இதயத்துக்கு ஓடும் இரத்தம் குன்றிவிடும். நாகசுரத்துக்குத் தவில் போல இரு படியினரும் இணைந்து இயங்க வேண்டியிருப்பதால், ஒன்றாகவே ஒத்திகை பார்க்கின்றனர்.

எத்துணை விரைந்தாலும் வண்டி வர நிமிஷங்கள் ஆகுமே! அந்த இடைவெளியை நிரப்ப, 1970-களின் தொடக்கத்திலேயே சியாட்டில் தீயணைப்புத் துறை பொதுமக்களுக்கும் மார்பு அமுக்கும் முறையைக் கற்பிக்கத் தொடங்கியது. அந்நகரைத் தன்னகத்தே கொண்ட வாஷிங்டன் மாநிலத்தில், 2013-இல் இயற்றப்பட்ட சட்டத்தால் உயர்நிலைப் பள்ளிகளிலும் அது பாடமாயிற்று.