பரீட்சை மீதி சமப்பட்டால் போதுமா?

மென்பொருள் நிறுவனங்களில் "சோதனை" வேலை செய்யும் எம்மவர் பிள்ளைகள் நியூ ஜேர்சியிலும் கலிபோர்னியாவிலும் இருக்கிறார்கள். அது என்ன வேலை?

இணையப் படிவத்தை நாம் நிரப்புவது போலவே ஒரு நிரல் பெயரைத் தட்டச்சு செய்து, பொத்தானை அழுத்தி, வரவேண்டிய பதில் திரையில் வந்ததா என்று பார்க்கும். மென்பொருளை மாற்றும்போதெல்லாம் இச்சோதனைகள் தானாகவே மீண்டும் நடக்கும். இதற்குப் பரவலாகப் பயன்படும் செலீனியம் என்ற கருவியை, 2004 இல் சிக்காகோவின் தோட்வேர்க்ஸ் நிறுவனத்தில் ஜேசன் ஹக்கின்ஸ் உருவாக்கினார். அதைக் கொண்டு அவர் முதலில் சோதித்தது, ஊழியரின் வேலை நேரத்தையும் செலவுகளையும் பதியும் மென்பொருளை. எங்கள் கணக்காளர் தொழிலுக்கு நெருங்கிய விடயம்தான்!

கணக்கியல் படித்த நாம் ஒன்றை அறிவோம். பரீட்சை மீதி சமப்பட்டாலும், ஏட்டில் பதியாமல் விட்ட கொடுக்கல் வாங்கலை அது காட்டித் தராது. தானியங்கிச் சோதனையும் அப்படித்தான்; சொல்லிக்கொடுத்ததை மட்டுமே பார்க்கும். "ஜோன் ஸ்மித்" என்று நிரப்பிச் சோதித்தால் எல்லாம் சரி என்றே வரும்.

எம்மில் பலருக்கோ குடும்பப் பெயரே இல்லை. கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவருக்கு அமெரிக்க விசாவில் "எஃப்.என்.யு", அதாவது முதற்பெயர் தெரியாது என்று அச்சாகிறது. பெயர்ப் பெட்டி ஒன்று வெறுமையாக இருந்தால் அடுத்த பக்கத்துக்குப் போகவிடாத படிவத்தில், காப்புறுதி விண்ணப்பமும் அங்கேயே நின்றுவிடும்.

ஆகவே பிள்ளைகளே, உங்கள் சோதனைப் பட்டியலில் ஒற்றைப் பெயர் ஒன்றையும், பெட்டிக்குள் அடங்காத எங்கள் நீண்ட பெயர் ஒன்றையும் சேர்த்துவிடுங்கள். ஒருமுறை எழுதினால் போதும். பிறகு இயந்திரம் பார்த்துக்கொள்ளும்.